மிஸ்டி கூபியாக் குச்சியை ஒடிக்கவில்லை

மிஸ்டி கூபியாக் காரைப் பின்பக்கமாக ஓட்டுகிறாள் என்றால், சீஸ் வறுவல் வாங்க வரிசையில் நிற்பவர்கள்கூட வரிசையை விட்டுவிட்டு ஓடி வருவார்கள். ஆகஸ்ட் மாத மாவட்டத் திருவிழாவில் மோதல் பந்தயத்தைவிடப் பெரிய சமாசாரம் எங்களுக்குக் கிடையாது. தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்து மைதானத்தைச் சேறாக்கிவிட்டுப் போகும். அந்தச் சேற்றில் ஓட்டை உடைசல் கார்கள் ஒன்றையொன்று இடித்து நொறுக்கும். கடைசியாக எது அசைகிறதோ அது ஜெயித்தது. இஞ்சினைக் குளிர வைக்கும் ரேடியேட்டர் முன்பக்கம் இருப்பதால் பின்பக்கத்தால் இடிப்பதுதான் கெட்டிக்காரத்தனம். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் மிஸ்டி வேறு ரகம். வலது தோளுக்கு மேல் கழுத்தைத் திருப்பி, ஒற்றைக் கையால் ஸ்டீயரிங்கைச் சுழற்றி, கண் மண் தெரியாமல் பின்னோக்கிப் பாய்வாள். இரும்பு மோதும் சத்தத்துக்கு முன்னால் அவள் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

"பின்னாடி பாத்து ஓட்டறதுல இந்த விஸ்கான்சின்லயே உன்னை அடிச்சுக்க ஆள் கிடையாதுடி," என்பாள் ரோண்டா ஹேகன். "வாழ்க்கையையும் அப்படித்தானே ஓட்டறே!"

இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் அன்றோடு அவர்கள் கதை முடிந்திருக்கும். ரோண்டா சொன்னால் மட்டும் மிஸ்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

மிஸ்டிக்கு வயது முப்பத்தெட்டு. சீஸ் ஆலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை. அதற்கு முன் அவள் பார்க்காத வேலை இல்லை. எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் விட்டாள், கையுறையைக் கழற்றி மேலாளர் மேஜையில் வீசிவிட்டு. யாரையாவது பிடித்துவிட்டால் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவாள். ஒரு தோழிக்கு ஆடு பிடிக்கும் என்பதற்காக மூன்று ஆடு வாங்கி வாடகை வீட்டின் பின்னால் கட்டியவள் அவள். அதே தோழி ஒரு நாள் போன் எடுக்கவில்லை என்றதும், அவளைப்போல நயவஞ்சகி உலகத்தில் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லி வந்தாள். பாவம், ஆடுகள்தான் அனாதையாகின. கல்யாணங்களும் அப்படியே. முதல் கணவர் திருமண நாளன்று சோபாவில் தூங்கிப்போனார் என்று பெட்டியைக் கட்டினாள். இரண்டாமவர் க்ளென் நல்ல மனிதர். ஒவ்வொரு வார்த்தையையும் பத்து முறை யோசித்துப் பேசுவார், கண்ணாடிக் கடையில் நடப்பதுபோல் வீட்டில் நடப்பார். அப்படி நடப்பதே அவளைக் கொன்றது. "ஏன் எல்லாரும் எங்கிட்ட பூனை மாதிரி நடக்கிறீங்க?" என்று கத்துவாள். அவர் இன்னும் மெதுவாக நடப்பார்.

அவர்கள் விடுவதற்கு முன் தான் விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் கணக்கு. விட்ட பிறகு தாங்க முடியாது. தாங்க முடியாதபோது தன் கையையே கிழித்துக்கொண்ட காலமும் உண்டு. முழுக்கைச் சட்டைக்குள் இருக்கும் அந்தத் தழும்புகளைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. நாமும் அங்கே நின்று பார்க்க வேண்டாம்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர் என்று பெயர் சொன்னார்கள். மிஸ்டிக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது. அதுவரை அவளுக்கு இருந்த பெயர் 'அந்தப் பைத்தியம்' என்பதுதான். கோளாறுக்கு ஒரு முறையான பெயர் இருக்கிறது, அது இன்னும் பலருக்கும் இருக்கிறது என்பதே பெரிய விஷயமாக இருந்தது. ரோண்டாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். ரோண்டா வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டு முழுக்கக் கேட்டாள்.

"அதாவது, எல்லாரையும் பம்பரோட அனுப்பிச்சாங்க. உன்னை மட்டும் பம்பர் மாட்ட மறந்துட்டாங்க. லேசா உரசினாலே நேரா இஞ்சின்ல அடிக்குது. அதானே?"

"அதேதான்!" என்று மிஸ்டி குதித்தாள்.

"சரி. பம்பர் பண்ணிக்கலாம். நான் தினமும் பண்றேனே," என்று முகமூடியை இறக்கிக்கொண்டாள் ரோண்டா.

ரோண்டாவுக்கு ஐம்பது வயது. பழுதான வண்டிகளை இழுத்து வரும் லாரி ஒன்றும், ஒரு பழைய இரும்பு யார்டும் வைத்திருப்பவள். க்ளெனோடு சண்டை போட்டுவிட்டு மிஸ்டி காரைச் சாலையோரப் பள்ளத்தில் இறக்கிய அன்று, தூக்க வந்தது ரோண்டாதான். மிஸ்டி அவளை வாய்க்கு வந்தபடி திட்டினாள். ரோண்டா லாரியில் சாய்ந்து நின்று முழுவதையும் கேட்டாள். பிறகு, "முடிச்சியா? கொக்கி மாட்டணும், காலை எடு," என்றாள். அன்று தொடங்கிய சிநேகம். யார்டில் கிடந்த ஒரு நீளக் காரைக் காட்டி, "உனக்குத்தான் எதையாவது இடிக்கணும்போல இருக்கே, இதால இடி," என்று மோதல் பந்தயத்துக்கு இழுத்து வந்ததும் அவள்தான்.

நான்கு வருடம் ஓடிவிட்டது. மிஸ்டியோடு இத்தனை காலம் யாரும் தாக்குப்பிடித்ததில்லை. ஆனால் போன வருடத் திருவிழாவில் அதுவும் முறிந்திருக்கும். சாசேஜ் வாங்கப் போன ரோண்டா, பெண்கள் சுற்றின் சாம்பியன் கான்னி ப்ராட்டோடு நின்று கொஞ்ச நேரம் சிரித்துப் பேசிவிட்டாள். வந்ததே கோபம் மிஸ்டிக்கு! ஹெல்மெட்டை வீசி லாரியின் முன்கண்ணாடியை உடைத்தாள், பந்தயத்தின் நடுவில் காரை விட்டு இறங்கி நடந்தாள், ரோண்டா ஒரு திருடி என்று ஊர் இணையப் பக்கத்தில் எழுதினாள். பிறகு வழக்கம்போல ரோண்டா வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதாள்.

ரோண்டா கதவைத் திறந்தாள். ஆனால் சிரிக்கவில்லை.

"கண்ணாடி மாத்திக்கலாம். எழுதினதும் போகட்டும், ஊர்ல எவனும் நம்பலை. ஆனா நீ காணாமப் போன அன்னிக்கு, மழையில உன்னைத் தேடி ஒவ்வொரு பாலமா எட்டிப் பாத்துக்கிட்டு ஓட்டினேன் பாரு, அது இன்னொரு தடவை என்னால முடியாது. கத்து. அழு. திட்டு. எல்லாம் பண்ணு, ஆனா நின்னு பண்ணு. அடுத்த தடவை நீ பாட்டுக்கு விட்டுட்டுப் போனா, நான் தேடி வரமாட்டேன் மிஸ்டி. சொல்லிட்டேன்."

ரோண்டா சொன்னால் சொன்னதுதான். மிஸ்டி செவ்வாய்க்கிழமைகளைப் பிடித்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். லூத்தரன் சர்ச்சின் அடித்தளத்தில், பியா என்ற ஆலோசகர் நடத்தும் வகுப்பு. கோபம் தலைக்கேறினால் பனிக்கட்டித் தண்ணீரில் முகத்தை அமுக்கு. அப்புறம், நடந்தது எது, நீயாகச் சேர்த்துக்கொண்டது எது என்று பிரித்துப் பார். கேட்டால் சின்னப் பிள்ளைப் பாடம்போல இருக்கும். செய்து பார்த்தால் தெரியும்.

இந்த வருடம் பந்தயத்தன்று காலையில் எல்லாமே கொண்டாட்டமாக இருந்தது. மிஸ்டியின் காருக்குப் பசுமாட்டுப் புள்ளிகள். சாதாரண ஹாரனுக்குப் பதில் மாடு கத்துவதுபோல ஒன்று. டிரைவர் பக்கக் கதவு மட்டும் முழு வெள்ளை. அந்த வெள்ளைக் கதவை யாரும் இடிக்கக் கூடாது, அதற்குப் பின்னால் இருப்பது இரும்பல்ல, ஆள். முதல் நாள் ரோண்டாதான் அதற்கு வெள்ளை அடித்தாள், காய்ந்ததும் மறுபடியும் அடித்தாள்.

"வெள்ளைக் கதவுல இடிக்கிறவ டிரைவர் இல்லடி, கொலைகாரி," என்று தூரிகையை ஆட்டிச் சொன்னாள். "எனக்கு இந்த வசந்தத்துலதான் புது முழங்கால் வச்சாங்க. இல்லாட்டி நானே வந்து உன்னை நொறுக்கியிருப்பேன்."

கடைசி வேலை குச்சி. ஒவ்வொரு காரின் ஜன்னல் தூணிலும் ஒரு மெல்லிய மரக்குச்சி கட்டியிருக்கும். போதும், தோற்றுவிட்டேன் என்றால் டிரைவர் கையை நீட்டி அதை ஒடிக்க வேண்டும். ஒடித்துவிட்டால் பிறகு யாரும் தொட மாட்டார்கள். மிஸ்டியின் குச்சியை எப்போதும் ரோண்டாதான் கட்டுவாள். கட்டிவிட்டு காரின் கூரையை இரண்டு தட்டுத் தட்டுவாள். அது இல்லாமல் மிஸ்டி மைதானத்தில் இறங்கியதே இல்லை.

பெண்கள் சுற்றுக்கு ஒலிபெருக்கியில் அழைத்தாயிற்று. ரோண்டாவைக் காணோம்.

போன் அடித்தாள். எடுக்கவில்லை. திரும்ப அடித்தாள். அப்போது ரோண்டாவின் தங்கை கணவர் வேர்ன், ஒரு கையில் சீஸ் வறுவலோடு நிதானமாக வந்தார். வேர்னுக்கு வார்த்தைகள் என்றால் செலவு. வீடு பற்றி எரிந்தால்கூட 'கொஞ்சம் சூடா இருக்கு' என்பார்.

"ரோண்டா வரலை," என்றார்.

"வரலைன்னா?"

"கான்னிகூட இருக்கா," என்றார். வறுவல் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை செய்தி முழுவதும் சொல்லியாயிற்று.

மிஸ்டிக்கு காதுக்குள் ஹோவென்று சத்தம் கேட்டது. கான்னிகூட! இன்றைக்கு! ஹெல்மெட் கையில் இருந்தது. கார் நிறுத்தத்தின் பக்கம் வாசல் திறந்துதான் கிடந்தது. கால் இரண்டும் தாமாகவே அந்தப் பக்கம் திரும்பின. அப்போது பியர் டப்பாக்கள் மிதந்த பனிக்கட்டித் தொட்டி கண்ணில் பட்டது. அவ்வளவுதான், ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு மண்டி போட்டு, முகத்தைத் தொட்டிக்குள் அமுக்கினாள். டப்பாக்கள் காதில் இடித்தன.

"ஏய், குடிக்கணும்னா எடுத்துக் குடி, ஏன் மாடு மாதிரி வாய் வைக்கிறே?" என்று பக்கத்துக் குழுவில் ஒருத்தன் கத்த, எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

மூச்சு முட்டியதும் தலையைத் தூக்கினாள். நடந்தது எது? ரோண்டா வரவில்லை, கான்னியோடு இருக்கிறாள். சேர்த்துக்கொண்டது எது? மற்றதெல்லாம். புரிந்தது. ஆனாலும் வலி ஒரு துளி குறையவில்லை. குறையாத வலியோடு, முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட, குச்சியைத் தானே கோணல்மாணலாகக் கட்டிக்கொண்டு காரில் ஏறினாள். கூரையை யாரும் தட்டவில்லை.

மைதானத்தில் ஐந்து கார்கள். அறிவிப்பாளர் ஆர்லோ மைக்கைக் கடித்துத் தின்பதுபோலக் கத்தினார்: "இதோ நம்ம மாடு வந்தாச்சு! பால் கறக்கப் போறாளா, பல்லைக் கழட்டப் போறாளா!" மூவாயிரம் பேர் எழுந்து நின்று எண்ண ஆரம்பித்தார்கள். எதிர்ப்பக்கம் கான்னியின் சிவப்புக் கார். அதற்குப் பக்கத்தில் கான்னியின் இன்னொரு கார், எட்டாம் எண். அதன் டிரைவர் முகத்தை ஹெல்மெட் மறைத்திருந்தது. ஆனால் அதற்குக் கீழே தொங்கிய நரைத்த பின்னலை மிஸ்டிக்குத் தெரியாதா?

ரோண்டா! கான்னியின் காரில், எனக்கு எதிராக!

"...ரெண்டு, ஒண்ணு!" கொடி இறங்கியது.

மிஸ்டி அசையவில்லை. எட்டாம் எண் அசைந்தது. சேற்றை வாரி இறைத்துக்கொண்டு, மைதானத்தைக் குறுக்கே கிழித்து, முழு வேகத்தில் பின்பக்கமாக வந்து அவள் காரின் பின்மூலையில் மோதியது. பல் கிடுகிடுத்தது. கார் அரை வட்டம் சுழன்றது. ஊரே 'ஓ' என்றது.

மிஸ்டியின் கை ஜன்னலுக்கு வெளியே போய்க் குச்சியைப் பிடித்தது. ஒடி. ஒடித்துவிட்டு இறங்கு, நட. அவள் விடுவதற்கு முன் நீ விடு. அந்தக் கைக்கு இருபது வருடப் பழக்கம், யாரையும் கேட்காமலே செய்யும். குச்சி வளைந்தது. நின்னு பண்ணு என்று ரோண்டா சொன்னது ஞாபகம் வந்தது. எட்டாம் எண்ணில் உட்கார்ந்திருக்கும் அதே ரோண்டா! அந்த நேரம் பக்கத்தில் ஓடிய ஒரு கார் தூக்கியடித்த குளிர்ச் சேறு, கண்ணாடியில்லாத ஜன்னல் வழியே அவள் முகத்தில் சப்பென்று விழுந்தது. வாயெல்லாம் மண். மூச்சு ஒரு கணம் நின்றது. கை குச்சியை விட்டது.

"சரிடீ!" என்று யாரும் கேட்காத இரைச்சலில் கத்தினாள். "நிக்கிறேன். நின்னே உன்னை நொறுக்கறேன்!"

அப்புறம் நடந்ததை எங்கள் ஊரில் இன்னும் கைகளை ஆட்டி ஆட்டித்தான் சொல்கிறோம். மாட்டு ஹாரன் அலற, பசுமாட்டுக் கார் பின்பக்கமாகப் பாய்ந்தது. ஒரு பச்சைக் காரை மூலைக்குத் தள்ளி நசுக்கியது. கான்னியின் சிவப்புக் காரை ஒரே இடியில் டயர் கழல வைத்தது. கான்னி சிரித்துக்கொண்டே குச்சியை ஒடித்தாள். இன்னொன்று தானாகவே புகைந்து அடங்கியது. நடு நடுவே எட்டாம் எண் வந்து மிஸ்டியை இடிக்கும், மிஸ்டி திருப்பி இடிப்பாள். ஒரு இடியிலும் தயவு இல்லை. கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தபோதே மிஸ்டிக்கு உடம்பெல்லாம் ஓர் ஆனந்தம் ஏறியது. இவ்வளவு பலமாக அவளை யாரும் இடித்ததில்லை. எல்லோரும் பூனை நடையல்லவா நடந்தார்கள்!

இரண்டே கார்கள் மிஞ்சின. எட்டாம் எண்ணின் மூக்கு ஓரத்துக் கான்கிரீட் கட்டையில் ஏறிச் செருகிக்கொண்டது. சக்கரம் சுழன்றது, கார் நகரவில்லை. அதன் வெள்ளைக் கதவு மிஸ்டிக்கு நேராக, அகலமாக, கைக்கு எட்டியதுபோல் நின்றது.

மிஸ்டி எதிர் ஓரத்திலிருந்து கிளம்பிவிட்டாள். கழுத்தைத் திருப்பி, ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்து. கண்ணுக்குத் தெரிந்தது அந்த வெள்ளை மட்டும்தான். என்னை விட்டுவிட்டுப் போனவள். இவளும் போனவள். கூட்டம் கத்துவதை நிறுத்திவிட்டது. பாதி தூரத்தில் அவளுக்கு தூரிகையை ஆட்டிய கை ஞாபகம் வந்தது, காய்ந்த பிறகு மறுபடியும் அடித்த வெள்ளை ஞாபகம் வந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு புது முழங்கால் இருந்தது.

ஸ்டீயரிங்கை முழுவதுமாகத் திருப்பினாள். கார் சேற்றில் சறுக்கி, எட்டாம் எண்ணின் வாலை மயிரிழையில் தவறவிட்டு, கான்கிரீட் கட்டையில் பின்பக்கம் மோதி நின்றது. இஞ்சின் அணைந்தது. மூக்கிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது.

இரண்டு காரும் பிணம். இனி ஒரு நிமிடத்துக்குள் யார் யாரைத் தொடுகிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். ஆர்லோ கடிகாரத்தைக் கையில் எடுத்தார். மிஸ்டி சாவியைத் திருகினாள். இருமியது. திரும்பத் திருகினாள். இருமல்கூட இல்லை.

"பெட்ரோல் ஏத்தாதடி!" என்று ஒரு குரல் கிழித்துக்கொண்டு வந்தது. எட்டாம் எண்ணின் ஜன்னலில் இருந்து ரோண்டா பாதி உடம்பை வெளியே நீட்டியிருந்தாள். "காலை எடு பெடல்லேர்ந்து! இஞ்சின்ல ஏற்கெனவே பெட்ரோல் வழிஞ்சு கிடக்கு! மூச்சு விட்டு அஞ்சு எண்ணு, அப்புறம் திருகு!"

"நீ எதுக்குடீ எனக்குச் சொல்றே?" என்று மிஸ்டி அலறினாள்.

"வேற எவ சொல்லுவா உனக்கு? எண்ணுடீ!"

"ஜனங்களே!" ஆர்லோவின் குரல் உடைந்தது. "எதிரிக்கே பாடம் எடுக்கறா! இவ கடிகாரமும் சேந்துதான் ஓடுதுன்னு யாராவது அவகிட்ட சொல்லுங்களேன்!"

மிஸ்டி எண்ணினாள். மூவாயிரம் பேரும் கூடவே எண்ணினார்கள். ஐந்தில் சாவியைத் திருகினாள். பசுமாடு செருமியது, உறுமியது, உயிர் வந்தது!

"முன் கியர்! முன் கியர்! மெதுவா!" ரோண்டா கையால் அழைத்தாள், யார்டில் காரை உள்ளே நிறுத்தச் சொல்வதுபோல. "வா... வா... இன்னும் வா..."

கார் தவழ்ந்து வந்து, ரோண்டா இருந்த காரின் பின்மூலையில் டொக்கென்று ஒரு தட்டுத் தட்டியது. ஒரு கன்றுக்குட்டி முட்டுவதுபோல.

ரோண்டா கையை நீட்டித் தன் குச்சியை ஒடித்து, இரண்டு துண்டையும் ஆகாயத்தில் எறிந்தாள். மைதானம் இடிந்து விழுகிறதோ என்று இருந்தது.

மிஸ்டி ஜன்னல் வழியே குதித்து, சேற்றில் விழுந்து, எழுந்து ரோண்டாவை நோக்கி ஓடினாள். ஜெயித்தது மனதில் ஏறவே இல்லை.

"என்னை விட்டுட்டு அவ வண்டியில ஏறியிருக்கே!"

"ஏறாம? இதை ஓட்ட வேண்டிய அவ மச்சினி க்ரீம் பஃபைத் தின்னுட்டு வாந்தி எடுத்துக் கிடக்கா. நாலு வண்டி இருந்தா சுத்தே கிடையாது, அஞ்சு வேணும். ரத்து பண்ணப் போனாங்க. வருஷம் பூரா இதுக்காக ராப்பகலா வேலை செஞ்சிருக்கே, சும்மா வீட்டுக்குப் போறதா? ஓடிப்போய் உக்காந்தேன். போனை எடுக்கக்கூட நேரம் இல்ல. அதான் வேர்னை அனுப்பிச்சேனே! சொல்லலையா?"

வேலிக்கு அப்பால் நின்ற வேர்ன் வறுவலை விழுங்கினார். "சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"நீ கான்னிகூட இருக்கன்னு."

"அவ்வளவுதானா?"

வேர்ன் யோசித்தார். "வரலைன்னும் சொன்னேன்."

மிஸ்டிக்கு சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது. சேற்றுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப ஏன்டீ முதல் இடியே எனக்கு, அவ்வளவு பலமா?"

"மெதுவா இடிச்சிருந்தா ஒரு மாசம் எங்கிட்ட பேசியிருப்பியா நீ?"

மிஸ்டி ரோண்டாவின் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தி, "குச்சியில கை வச்சேன் ரோண்டா," என்றாள். "உன் கதவைப் பாத்தும் வந்தேன்."

"ரெண்டும் பாத்தேன்," என்றாள் ரோண்டா. முகம் வெளுத்துத்தான் இருந்தது. "திருப்பினதையும் பாத்தேன்."

ஒலிபெருக்கியில் ஆர்லோ கோப்பையோடு மேடைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு தடவை, மூன்று தடவை. ரோண்டா ஜன்னலுக்குள்ளிருந்து கையை நீட்டி மிஸ்டியின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய், எங்கேயும் போயிடாதடி. முழங்கால் டாஷ்போர்டுக்கு அடியில மாட்டிக்கிச்சு. மடக்க வரலை. இழுக்கற லாரியை ஓட்ட வேண்டியதும் நான்தான்."

'போயிடாதே' என்ற வார்த்தையை வாழ்நாள் முழுக்க மற்றவர்களிடம் சொன்னவள் மிஸ்டி. அவளிடம் யாரும் சொன்னதில்லை. சேறு அப்பிய ஹெல்மெட்டைக் கழற்றிக் காரின் மேல் வைத்தாள். வெள்ளைக் கதவில் முதுகைச் சாய்த்து, சேற்றிலேயே உட்கார்ந்தாள்.

"எங்க போறேன்?" என்றாள். பிறகு எக்கிக் கையைத் தூக்கி, ரோண்டாவின் தலைக்கு மேல் இருந்த கூரையை இரண்டு தட்டுத் தட்டினாள்.